கார் பேனலுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே: பெயிண்ட் எப்படிப் படலமாகிறது?

போன ஐப்பசியில் எங்கள் பழைய மாருதி 800-ஐ வெளியே எடுக்கும்போது இடது ஃபெண்டரைக் கேட் தூணில் தேய்த்துவிட்டேன். முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடுதான் ஃபெண்டர். காரின் உடம்பில் இப்படித் தனித்தனியாக இருக்கும் தகடுகளைப் பேனல் என்பார்கள். ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். ஒர்க்‌ஷாப்பில் சொன்ன கூலியைக் கேட்டதும், நாமே அடித்தால் என்ன என்று தோன்றியது. கடையில் அதே நீலத்தில் இரண்டு ஸ்ப்ரே கேன், கூடவே நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் ஒரு கேன் வாங்கினேன். மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் போர்ட்டிகோவில் வைத்து அடித்து முடித்தேன்.

சாயங்காலம் பார்த்தால் ஒரே ஃபெண்டரில் மூன்று வியாதி. மேல்பக்கம் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி சொரசொரப்பு. நடுவில் இரண்டு மூன்று கோடாகப் பெயிண்ட் வழிந்து நின்றிருந்தது. கீழே பாலாடை படிந்தது போல வெளுத்துக் கிடந்தது. கீறல் மட்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் பழையபடி தெரிந்தது.

கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். திக்காக அடித்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். மெலிசாக அடித்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். கேன் மட்டமான சரக்கு, கை பழகவில்லை, வெயிலில் வைத்து அடித்திருக்கலாம் என்று பட்டியல் நீண்டது. பாதி யோசனைகள் மீதிப் பாதியோடு சண்டை போட்டன. தகட்டின் மேல் விழும் ஒரு துளி பெயிண்டுக்கு என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அது புரிந்த பிறகுதான் அந்த மூன்று வியாதிக்கும் வேர் ஏறக்குறைய ஒன்றே என்பது எனக்குப் பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கயிற்றுக் கட்டிலும் வேட்டியும்

முதல் தப்பெண்ணம்: பெயிண்ட் கீறலை மூடிவிடும்.

கயிற்றுக் கட்டிலில் ஒரு மெல்லிய வேட்டியை விரித்துப் பாருங்கள். கயிறு ஒவ்வொன்றும் மேலே தெரியும். மெத்தை போட்டால்தான் மறையும். கார் பெயிண்ட் வேட்டி ரகம், மெத்தை ரகம் அல்ல.

அளவில் சொன்னால், கம்பெனியிலிருந்து வரும் காரில் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். ஆக, காரின் மொத்தப் பெயிண்டும் இரண்டு தலைமுடித் தடிமன்தான். அதற்குள்ளேயே நான்கு அடுக்கு. தகட்டை ஒட்டித் துருவைத் தடுக்கும் அடுக்கு. அதன்மேல் மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் பிரைமர். அதற்கு மேலே நிறம் தரும் பேஸ்கோட். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமில்லாமல் பளபளப்பும் பாதுகாப்பும் தரும் கிளியர். நாம் பார்த்து மயங்கும் நிறம் இருக்கிறதே, அந்தப் பேஸ்கோட் பெரும்பாலும் 15, 20 மைக்ரான்தான்.

விரல் நகத்தால் குறுக்கே வருடும்போது நகம் சிக்குகிற கீறல் என்றால், அதை நிறத்தால் நிரப்ப முடியாது. நிரப்புவது பட்டியின் வேலை. "பட்டி டிங்கரிங் பார்த்தாச்சா" என்று கேலியாகச் சொல்வோமே, அதே பட்டிதான்: பள்ளத்தில் அப்பி, காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்யும் களிம்பு. பளபளப்பு கூடக்கூடக் குறை இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பதும் உண்டு. சுண்ணாம்புச் சுவரில் தெரியாத மேடுபள்ளம், பளபளப்புப் பெயிண்ட் அடித்த சுவரில் டியூப்லைட் போட்டதும் பல்லிளிக்கும். காரிலும் அதே கதைதான். என் ஃபெண்டரைப் பார்த்த ஒர்க்‌ஷாப் பெயின்டர் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னது: "தம்பி, நீங்க கீறலுக்குப் பாலிஷ் போட்டிருக்கீங்க."

காய்வது வேறு, இறுகுவது வேறு

எந்தப் பெயிண்டிலும் அடிப்படையாக மூன்று சரக்கு இருக்கும். நிறம் தரும் பொடி. அந்தப் பொடியைப் பிடித்துவைத்துப் படலமாக மாறும் பிசின், அதாவது ரெசின். இரண்டையும் தண்ணியாக வைத்திருக்கும் தின்னர். தின்னர் வெறும் வண்டிதான். சரக்கை இறக்கிவிட்டு ஆவியாகிப் போய்விடும்.

தின்னர் போன பிறகு ரெசின் என்ன ஆகிறது என்பதில்தான் பெயிண்டுகள் பிரிகின்றன. இரண்டு உவமை போதும்.

உப்பளத்தில் கடல்நீர் காய்ந்தால் உப்பு நிற்கும். அந்த உப்பின் மேல் திரும்பத் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும், கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே கேன்களில் பலவும் இந்த உப்பு ரகம். தின்னர் பறந்ததும் ரெசின் கெட்டியாகி நிற்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் தின்னர் பட்டால் மறுபடி இளகும். பெட்ரோல் டேங்க் மூடியைச் சாதாரணக் கேனில் அடித்தவர்கள், பெட்ரோல் சிந்திய இடம் பிசுபிசுத்துக் கறையாவதைப் பார்த்திருப்பார்கள்.

இட்லி வேறு. மாவு வெந்துவிட்டால் எவ்வளவு தண்ணீரில் போட்டாலும் திரும்ப மாவாகாது. உள்ளுக்குள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டது. டூ-கே என்று கடைக்காரர்கள் சொல்லும் பெயிண்ட் இந்த ரகம். அதில் ஹார்ட்னர் என்ற இன்னொரு திரவத்தை அளவாகக் கலக்க வேண்டும். கலந்ததும் ரெசினின் இழைகள் பின்னிக்கொள்ளத் தொடங்கும். இந்தப் பின்னலைத்தான் இறுகுதல் என்கிறேன். காய்தல் என்றால் தின்னர் வெளியேறுவது மட்டும். கலந்த டூ-கே பெயிண்டை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. டப்பாவுக்குள்ளேயே கல்லாகிவிடும்.

மூன்றாவதாக ஒன்று, வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் எனாமல். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி நாள்கணக்கில் மெல்ல இறுகும். மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். முழுக்க இறுகாத எனாமலின் மேல் கேன் பெயிண்ட் அடித்தால், அதிலுள்ள காரமான தின்னர் உள்ளே இறங்கித் தோலைத் தூக்கிவிடும். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருங்கிக்கொண்டு வரும். பழைய காரில் முன்னால் யார் எதை அடித்தார்கள் என்று தெரியாவிட்டால், மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் கீழே இருப்பது உப்பு ரகம், அல்லது இன்னும் இறுகாத பெயிண்ட்.

இந்த உப்பு ரகத்துக்கு ஒரு பெருமை உண்டு. கார்த் தொழிலின் ஆரம்பக் காலத்தில் வார்னிஷ் ரகப் பெயிண்டுகள் அடுக்கடுக்காகக் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய டூக்கோ என்ற என்.சி. பெயிண்ட், 1924 மாடல் ஓக்லாண்ட் கார்களில் வந்தது. சட்டென்று காயும், ஸ்ப்ரேயில் அடிக்கலாம், பல நிறங்களில் செய்யலாம். நம்மூரில் இன்னும் சிலர் பளபளப்பான ஸ்ப்ரே வேலை எதையும் "டூக்கோ" என்று சொல்வது அந்தப் பெயரின் மிச்சம்.

இதுவரை பார்த்தது: பெயிண்ட் இரண்டு தலைமுடித் தடிமனுள்ள படலம், அது பள்ளத்தை நிரப்பாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்குத் தின்னர் போய்விட்டது என்று மட்டும்தான் பொருள், இறுகிவிட்டது என்று பொருளல்ல.

தோசைக்கல்லில் விழும் மாவு

இனிதான் முக்கியமான இடம்.

ஸ்ப்ரே என்றால் பெயிண்டை நுண்ணிய துளிகளாக உடைத்து வீசுவது. காற்றழுத்தத்தால் திரவத்தை உடைக்கும் இந்த யோசனைக்கு மருத்துவத்திலும் ஒரு வேர் உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவின் டொலிடோ நகரில் டெவில்பிஸ் என்ற மருத்துவர், தொண்டைக்கு மருந்து பீய்ச்ச ஒரு கருவி செய்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய மகன் அதே வழியில் பெயிண்ட் அடிக்கும் கன்னை உருவாக்கினார்.

கன்னோ கேனோ, அதிலிருந்து கிளம்பும் துளிக்கு இரண்டு வேலை. தகட்டில் போய் விழ வேண்டும். விழுந்ததும் பக்கத்துத் துளிகளோடு கலந்து பரந்து, ஒரே சமமான ஏடாக வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்ய அதற்கு ஈரம் தேவை. ஆனால் மூக்கிலிருந்து கிளம்பிய நொடியிலேயே தின்னர் பறக்கத் தொடங்கிவிடுகிறது.

தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் என்ன ஆகும்? ஊற்றிய மாவு ஊற்றிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். கரண்டியால் இழுத்தால் வராது, திட்டுத்திட்டாக நிற்கும். அதனால்தான் தண்ணீர் தெளித்துக் கல்லின் சூட்டைத் தணிக்கிறோம். கல் போதிய சூடு இல்லாவிட்டால் மாவு கொழகொழவென்று கிடக்கும். பெயிண்டும் இப்படித்தான். துளி உலர்ந்த நிலையில் வந்து விழுந்தால் பரவாது, உருண்டையாகவே உட்கார்ந்துவிடும். ஆயிரக்கணக்கான உருண்டைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் ஆரஞ்சுத் தோல். இன்னும் உலர்ந்து விழுந்தால் பொடி தூவியது போல மங்கிப்போகும். ஈரம் கூடிவிட்டால் துளிகள் நன்றாகக் கலக்கும், ஆனால் நிற்கிற தகட்டில் எடை தாங்காமல் திரை மாதிரி கீழே சரியும். அதுதான் வழிதல்.

நல்ல பளபளப்பு இந்த இரண்டுக்கும் நடுவே, வழிதலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. "திக்காக அடி" என்றவரும் "மெலிசாக அடி" என்றவரும் ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பார்த்துச் சொன்னவர்கள்தான். பளபளப்பு அடுக்கின் தடிமனில் இல்லை, துளிகள் ஒன்றாகக் கலந்ததில் இருக்கிறது.

ஈரத்தைக் கூட்டிக் குறைக்க நம் கையில் இருப்பவை நான்கு. முதலாவது தூரம்: கன் என்றால் 15 முதல் 20 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். கேன் என்றால் 20 முதல் 30, கேனிலேயே எழுதியிருப்பார்கள். விலகிப் போனால் துளி வழியிலேயே உலர்கிறது. ஃபெண்டரின் மேல்பக்கம் எனக்கு ஆரஞ்சுத் தோலானது, கை எட்டாமல் தூரத்திலிருந்து அடித்ததால். இரண்டாவது கை நகரும் வேகம். கேட் தூண் இடைஞ்சலாக இருந்ததால் நடுவில் நான் தயங்கி நின்றேன், அங்கேதான் வழிந்தது. மூன்றாவது ஒரு கோட்டின் மேல் அடுத்த கோடு ஏறும் அளவு. பாதிக்குப் பாதி ஏற வேண்டும், இல்லாவிட்டால் வரிவரியாகத் தெரியும். நான்காவது ஒரு கோட் (coat) அடித்த பிறகு அடுத்த கோட் அடிக்கும்வரை விடும் நேரம். இங்கே கோட் என்பது பேனல் முழுவதும் ஒரு தடவை அடித்து முடிப்பது. கேனில் வேறு மாதிரி போட்டிருக்காவிட்டால் பத்து நிமிடம் விடுங்கள்.

மணிக்கட்டைச் சுழற்றி அடிப்பது எல்லோரும் செய்யும் தப்பு. விசிறி மாதிரி கை சுழன்றால் நடுவில் தூரம் குறைவு, ஓரங்களில் அதிகம். மணிக்கட்டை இறுக்கி, தோளிலிருந்து கை முழுவதும் பேனலுக்கு இணையாக நகர வேண்டும். பேனலுக்கு வெளியே ஆரம்பித்து, மறுபக்கம் வெளியே போய் விரலை எடுக்க வேண்டும். முதல் கோட் கீழே இருப்பது பாதி தெரியும் அளவுக்கு லேசாக. அடுத்த இரண்டு கோட் ஈரமாக.

ஈரம் சரியா என்று எப்படித் தெரியும்? கேனின் மூக்கைப் பார்க்காதீர்கள். பேனலில் விழும் டியூப்லைட் அல்லது வானத்தின் பிம்பத்தைச் சாய்வாகப் பாருங்கள். அடித்து நகர்ந்த ஓரிரு நொடியில் சொரசொரப்பு அடங்கி, பிம்பம் கண்ணாடியில் போலத் தெளிவாகக் கூடினால் வேகம் சரி. கூடாவிட்டால் கொஞ்சம் நெருங்குங்கள் அல்லது மெதுவாகப் போங்கள். இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ள, பழைய இரும்புக் கடையில் நசுங்கிய பேனல் ஒன்றை வாங்கி ஒரு கேனை வீணாக்கினால் நஷ்டமில்லை.

வழிந்துவிட்டால்? துடைக்காதீர்கள். துடைத்தால் ஒரு கோடு பத்துக் கோடாகும். நன்றாகக் காயவிட்டு, பிறகு தண்ணீர் தொட்டு நுண்ணிய தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம்.

மழைநாளில் வெளுப்பது ஏன்

ஊசி போடுவதற்கு முன் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கும். ஆவியாகும் திரவம் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. தின்னரும் அப்படியே தகட்டைக் குளிர்விக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். குளிர்ந்த தகட்டில், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது போல, அந்த ஈரம் படியும். பெயிண்டுக்குள் தண்ணீர் புகுந்து ரெசின் வெளுத்துப்போகும். என் ஃபெண்டரின் கீழ்ப்பகுதிக்கு நேர்ந்தது இதுதான்.

உப்பு ரகப் பெயிண்டில் இதற்குப் பரிகாரம் உண்டு. காற்றில் ஈரம் குறைந்த நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னரை லேசாகத் தூவினால் படலம் மறுபடி இளகி, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறித் தெளியலாம். அதிகம் தூவினால் வழியும். கத்திரி வெயிலில் பிரச்சினை நேர்மாறு. தகடு தொட முடியாமல் கொதிக்கும், துளி விழுந்த இடத்திலேயே செத்துப்போகும். சென்னை மாதிரி ஊரில் மழைக்காலம் முடிந்த தை, மாசி மாதத்தின் காலை நேரம், பனி விலகிய பிறகு, வசதியாக இருக்கிறது. எந்த மாதமானாலும் நேர் வெயில் படாத நிழல் வேண்டும்.

சுருக்கமாக: ஆரஞ்சுத் தோல், வழிதல், வெளுப்பு மூன்றும் படலத்தில் எவ்வளவு தின்னர் இருக்கிறது, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதோடு சேர்ந்தவை. தூரம், கையின் வேகம், தகட்டின் சூடு எல்லாம் அதைத்தான் மாற்றுகின்றன. காற்றும் ஈரமாக இருந்தால் வெளுப்பு சேர்ந்துகொள்ளும்.

கொத்தனார் ஏன் தூணைக் கொத்துகிறார்

வழவழப்பான தகட்டில் பெயிண்ட் நன்றாக ஒட்டும் என்று நினைப்பது இயல்பு. வீடு கட்டும்போது பாருங்கள். காங்கிரீட் தூணுக்குப் பூச்சு பூசுவதற்கு முன் கொத்தனார் அதை உளியால் கொத்திவிடுவார். பூச்சு பிடித்துக்கொள்ள அந்தக் குழிகள் வேண்டும். பெயிண்டுக்கும் பிடிமானம் வேண்டும், ஆனால் அந்தக் குழிகள் பெயிண்ட் மூடும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். தேய்ப்பதன் நோக்கம் இதுதான்.

உப்புத்தாளில் எண் கூடினால் மணல் நைசு. பட்டியைத் தேய்க்க 80-இல் ஆரம்பித்து 180, 320 என்று போவார்கள். பிரைமருக்குப் பிறகு 400, 600. மெட்டாலிக் நிறம் என்றால் 800 வரை. எண்களைத் தாண்டிக் குதித்தால் முந்திய தாளின் கோடுகள் கீழேயே தங்கி, நாலு நாள் கழித்துப் பெயிண்ட் சுருங்கும்போது மேலே எழுந்து வரும். 400-க்கு மேல் கறுப்பு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது வழக்கம், தூசு பறக்காது, தாளும் அடைக்காது. பட்டியை மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். அது தண்ணீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு பிறகு கொப்புளமாகக் கக்கும்.

சமமாகிவிட்டதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பெயின்டர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். பிரைமரின் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைப் புகை மாதிரி லேசாகத் தூவிவிட்டு, கட்டையில் சுற்றிய தாளால் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் மட்டும் தங்கும். எங்கே இன்னும் வேலை இருக்கிறது என்று பேனலே காட்டிவிடும். இரண்டாம் முறை நான் இதைச் செய்தபோது, முழுச் சமம் என்று நினைத்த இடத்தில் ஒரு கை அகலத்துக்குக் கறுப்பு நின்றது.

துரு இருந்தால் வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுத்தாக வேண்டும். மேலே அடித்து மூடினால் உள்ளே அது தன் வேலையைத் தொடரும்.

இன்னொரு எதிரி எண்ணெய். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தகட்டில் எண்ணெய்ப் பசையோ, டாஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் சிலிக்கான் பாலிஷோ ஒரு சொட்டு இருந்தால் போதும், பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி வட்டவட்டக் குழியாக நிற்கும். தேய்ப்பதற்கு முன்பே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அடிப்பதற்கு முன் இதற்கென்று விற்கும் திரவத்தால் துடைத்து, உடனே இன்னொரு சுத்தத் துணியால் காயத் துடையுங்கள். பிறகு வெறும் கையால் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை என்றால் சொல்லவே வேண்டாம்.

பம்பர் பிளாஸ்டிக். பெயிண்ட் படாத பிளாஸ்டிக் வெளியே தெரிந்தால், பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிரைமர் முதலில் வேண்டும். இல்லாவிட்டால் முதல் உரசலிலேயே தோலாக உரிந்து வரும்.

தூசிக்கு ஒரே வரி: தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள், மின்விசிறி போடாதீர்கள்.

ஹார்ட்னரைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாக

"மாஸ்க் போட்டுக்கொண்டால் போதும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பெயிண்டுக்கு எந்த மாஸ்க் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கொரோனா காலத்தில் போட்ட துணி மாஸ்க்கோ என்-95 மாஸ்க்கோ தேய்க்கும் தூசைத் தடுக்க உதவும், தின்னர் ஆவியைத் தடுக்காது. சாதாரணக் கேனுக்கே கரிப்பொதி உள்ள, ஆவியை உறிஞ்சும் ரெஸ்பிரேட்டர் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தில் சரியாக ஒட்டாது.

டூ-கே விவகாரம் வேறு. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் வகை வேதிப்பொருள் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். ஹார்ட்னரில் இருப்பது அதே பொருள் அல்ல. அது போல எளிதில் ஆவியாகிப் பறப்பதும் அல்ல. ஆனால் குடும்பம் ஒன்று. ஸ்ப்ரேயாக உடைக்கும்போது மூடுபனி போல நுரையீரலுக்குள் போகிறது. சிலருக்கு அதனால் ஆஸ்துமா வந்துவிடும். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். ஆபத்தான அளவிலும் அதன் வாசனை தெரியாமல் போகலாம் என்பதால், மாஸ்க்கின் பொதி தீர்ந்துபோனது நமக்குத் தெரிய வராது. முறையான பட்டறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் மாஸ்க் போடுவது இதனால்தான். ஹார்ட்னரை உள்ளேயே அடைத்து, அடிப்பக்கப் பொத்தானை அழுத்திக் கலக்கும் டூ-கே கேன்களும் வருகின்றன. வேலை அருமையாக இருக்கும், ஆபத்து அதேதான். குழந்தைகள் நடமாடும் போர்ட்டிகோவில், அடுத்த வீட்டு ஜன்னல் பத்தடியில் இருக்கும் தெருவில், முதல்முறை அடிப்பவர் டூ-கே பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. பேனலைத் தயார் செய்து பிரைமர் வரை நாம் முடித்துக்கொண்டு, நிறத்தையும் கிளியரையும் பட்டறையில் அடிக்கச் சொல்லலாம். கூலி கணிசமாகக் குறையும்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். சமையலறை அடுப்பு, பூஜை விளக்கு, தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

கேனா, கன்னா

சின்னப் பேனலுக்குக் கேன் போதும். கேனில் தின்னர் விகிதம் அதிகம் என்பதால் படலம் மெல்லிசு, அதனால் கோட் எண்ணிக்கை கூடும். குலுக்கும்போது உள்ளே குண்டு சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும், நிறப்பொடி அடியில் தங்கியிருக்கும். கன் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். டயருக்குக் காற்று அடிக்கும் சின்னக் கம்ப்ரசர் கன்னுக்கு ஈடுகொடுக்காது. ஒரு கோட் பாதி அடிப்பதற்குள் அழுத்தம் இறங்கி, துளிகள் பெரிதாகித் தெறிக்கும். குற்றம் கையின் மேல் விழும்.

நிறம் ஒத்துப்போவது தனிச் சிக்கல். காரின் நிறக் குறியீடு ஒட்டுச்சீட்டிலோ தகட்டிலோ இருக்கும், போனட்டுக்குள்ளும் கதவுத் தூணிலும் தேடிப் பாருங்கள். அதைக் கொண்டு கலக்கச் சொன்னால் புதுக் காரின் நிறம் கிடைக்கும். நம் கார் புதுசு அல்லவே. மெட்டாலிக் என்றால் இன்னும் கடினம். அதிலுள்ள அலுமினியச் சில்லுகள் பெயிண்ட் ஈரமாக விழுந்தால் ஒரு விதமாகவும் உலர்ந்து விழுந்தால் வேறு விதமாகவும் படுக்கும். ஒரே டப்பாப் பெயிண்ட், இரண்டு பேர் அடித்தால் இரண்டு நிறம். முதல் வேலைக்கு மெட்டாலிக் இல்லாத நிறமாக, பக்கவாட்டுக் கண்ணாடியின் மூடியோ பெட்ரோல் மூடிக் கதவோ அமைந்தால் அதிர்ஷ்டம். முழுக் காரையும் வேறு நிறத்துக்கு மாற்றும் யோசனை இருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் நிறமும் பதிவாகியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம், ஆர்.டி.ஓ. வழியாக மாற்ற வேண்டியிருக்கும்.

அடித்து முடித்த அன்றே பாலிஷ் போடத் தோன்றும். பொறுங்கள். சாதாரணக் கேன் என்றால் ஒன்றிரண்டு வாரம் விட்டு, 2000 தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, பிறகு பளபளக்கத் தேய்க்கும் பசையான ரப்பிங் காம்பவுண்ட் போடலாம். அதுவும் கிளியரின் மேல் மட்டும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் படலம் இன்னும் மெல்லிசு, நாலு தேய்ப்பில் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

என் ஃபெண்டரைத் தை மாதம் மூன்றாவது முறையாக அடித்தேன். கேட் தூண் இடிக்காமல் இருக்க, போல்ட்டுகளைக் கழற்றி ஃபெண்டரையே வெளியே எடுத்து ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிட்டேன். பட்டியும் தேய்ப்பும் இரண்டு நாள், நிறமும் கிளியரும் ஒரு காலைப்பொழுது. மாட்டிய பிறகு நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பத்தரை மணி வெயிலில் முன்பக்கம் குனிந்து பார்த்தால் மட்டும் ஃபெண்டர் கதவைவிட அரைச்சாயல் அடர்த்தி. கதவு இருபது வருஷம் வெயிலில் நின்ற நீலம்.